நாற்பதில் முதல் பைக்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 41. அல்சூரில் வசிக்கிறேன், அலுவலகம் ஒயிட்ஃபீல்டில். இதுவரை கார் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். முதல் பைக்காக ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்க ஆசை. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். "வாங்கினால் ஒரேயடியாகப் பெரிய வண்டியாக வாங்கு, சின்னதை வாங்கிவிட்டு மாற்றினால் நஷ்டம்" என்கிறார்கள் நண்பர்கள். அவர்கள் சொல்வது சரியா?

பதில்: கிளாசிக் நல்ல வண்டிதான். ஆனால் உங்களுக்கு அது இரண்டாவது வண்டியாக இருக்கட்டும். இன்ஜினின் பலத்தை நினைத்து இதைச் சொல்லவில்லை. அதன் இருபது குதிரைத்திறன் நிதானமாக வெளிப்படுவது, புதியவரைப் பதற வைக்காது. நான் அஞ்சுவது அதன் 195 கிலோ எடையைத்தான்.

புதிதாக ஓட்டுபவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகமாகப் போகும்போது நடப்பதில்லை. சிக்னலில் நிற்கும்போதும், யு-டர்ன் எடுக்கும்போதும், அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங் சரிவில் ஏறும்போதும்தான் நடக்கிறது. உங்கள் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மெட்ராஸ் சாலையில் கே.ஆர்.புரம் பாலத்தை நெருங்கும்போது வண்டி ஓடுவதைவிட நிற்பதே அதிகம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் இடது காலை ஊன்றியாக வேண்டும். ஊன்றும் இடம் சாலையின் ஓரச் சரிவாக இருக்கும், அல்லது ஜல்லி பெயர்ந்து கிடக்கும். நீங்கள் எதிர்பார்த்ததைவிடத் தரை இரண்டு அங்குலம் கீழே போய்விட்டால், 115 கிலோ வண்டியை இழுத்துப் பிடித்துவிடலாம். 195 கிலோ வண்டி அதற்கு இடம் கொடுக்காது. ஒரு முறை அப்படிச் சாய்த்துவிட்டவர் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பயந்தே ஓட்டுகிறார். பம்பரும் கண்ணாடியும் உடைந்த செலவைவிட அந்தப் பயம்தான் பெரிய இழப்பு.

ஷோரூமுக்குப் போகும்போது தினமும் அலுவலகத்துக்கு அணியும் ஷூவையே அணிந்து போங்கள். இன்ஜினை இயக்காமல் உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்துங்கள். உட்கார்ந்தபடியே கால்களால் தள்ளி மூன்று நான்கு மீட்டர் பின்னோக்கி நகர்த்துங்கள். பிறகு இறங்கி, வண்டியின் இடப்பக்கம் நின்று, ஹேண்டிலைப் பிடித்து உருட்டியபடி ஒரு முழு வட்டம் போடுங்கள். வலப்பக்கம் திருப்பும் பாதியில்தான் உண்மை தெரியும். வண்டி உங்களை விட்டு விலகி மறுபக்கம் சாயப் பார்க்கும். அங்கே கை நடுங்கினால் அந்த வண்டி உங்களுக்கு இன்னும் கனம். விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும் இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து பார்க்க வேண்டியது பிரேக். 2018-19இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம், 125 வரையிலான வண்டிகளுக்கு முன் பின் பிரேக்குகளை இணைக்கும் சி.பி.எஸ். இருந்தாலே போதும் என்று விடப்பட்டது. புதியவருக்கு இந்த வேறுபாடு பெரியது. பதற்றத்தில் முன் பிரேக்கை ஒரேயடியாக அழுத்துவது இயல்பு. மழையில் நனைந்த வெள்ளைக் கோட்டின் மேல் அப்படிச் செய்தால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சக்கரம் பூட்டாமல் தடுப்பதே ஏ.பி.எஸ்.ஸின் வேலை. ஒற்றைச் சேனல் என்றால் அது முன் சக்கரத்துக்கு மட்டும். உங்கள் பயணத்துக்கு அதுவே போதுமானது.

எனவே என் பரிந்துரை, 140 கிலோவை ஒட்டிய, ஏ.பி.எஸ். உள்ள வண்டி. ஹோண்டா யூனிகார்ன், யமஹா எஃப்.இசட்.-எஸ் ஆகிய இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். இன்னும் சிறியது வேண்டுமென்றால் ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் மாடலில் ஏ.பி.எஸ். உள்ள ரகம் கிடைக்கிறது. நண்பர்கள் சொல்லும் நஷ்டக் கணக்கை நான் ஏற்கவில்லை. ஓரிரு ஆண்டு ஓடிய யூனிகார்னுக்குப் பெங்களூரில் வாங்க ஆள் தேட வேண்டியதில்லை. 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆகவே நீங்கள் பிறகு வாங்க நினைக்கும் கிளாசிக்கும் அதே வரி வரம்புக்குள்தான் இருக்கிறது.

பெரிய வண்டி இருந்தால் மைசூரு விரைவுச் சாலையில் பறக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதன் பிரதான பாதையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. எந்த சிசியாக இருந்தாலும் சர்வீஸ் சாலைதான்.

கேள்வி: நான் கே.ஆர்.புரத்தில் வசிக்கும் 34 வயதுப் பெண். சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். ஸ்கூட்டர் போதும் என்கிறார் கணவர். எனக்குக் கியர் வண்டிதான் வேண்டும். உயரம் ஐந்தடி. இருக்கை உயரம் குறைந்த வண்டியைப் பார்த்து வாங்கினால் சரியாக இருக்குமா?

பதில்: கியர் வண்டி வேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் எடுத்துவிட்டால் அதை வைத்து ஸ்கூட்டரும் ஓட்டலாம். ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்த உரிமத்தில் பைக் ஓட்ட முடியாது. கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இருக்கை உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350இன் இருக்கை 765 மில்லிமீட்டர், ஸ்பிளெண்டர் பிளஸ்ஸின் இருக்கை 785. காகிதத்தில் மீட்டியார்தான் உங்களுக்கு ஏற்றது போலத் தெரியும். ஆனால் அதன் எடை 191 கிலோ, ஸ்பிளெண்டரின் எடை 112. இருக்கையின் அகலமும் முக்கியம். அகலமான இருக்கை தொடைகளை விரித்துவிடுவதால் கால் எட்டும் தூரம் குறைகிறது. ஸ்பிளெண்டர், ஷைன் போன்ற வண்டிகளில் இருக்கை முன்பக்கம் ஒடுங்கியிருக்கும், கால் நேராக இறங்கும். இரண்டு பாதங்களும் முழுதாகப் பதிய வேண்டும் என்பதில்லை. இரண்டு முன்பாதங்களும் உறுதியாக ஊன்றினால் போதும்.

ஒரு விஷயத்தை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா வண்டிகளிலும் கியர் ஒரே விதமாக விழாது. பல வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. சிலவற்றில் எல்லாக் கியரும் ஒரே திசையில். பயிற்சி எடுக்கும் வண்டியும் வாங்கும் வண்டியும் ஒரே முறையில் இருந்தால் முதல் மாதக் குழப்பம் இருக்காது.

எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அதுவரை முன்னும் பின்னும் 'எல்' அட்டை வேண்டும். உரிமம் உள்ளவர் கற்றுக்கொடுப்பதற்காகப் பின்னால் உட்காரலாம், வேறு யாரையும் ஏற்றக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் விடுவதெல்லாம் தேர்வுக்குப் பிறகுதான்.

அந்த முப்பது நாளில் முதல் வாரம் முழுவதும் ஒரே ஒரு பயிற்சி செய்யுங்கள். அதிகாலையில் ஆளில்லாத லேஅவுட் சாலைக்குப் போங்கள். முதல் கியரைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடவே தொடாமல், கிளட்சை மட்டும் நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் சற்றே தாழும், வண்டி முன்னால் சாய்வதுபோல் ஒரு சிறு அசைவு வரும். அங்கேயே விரல்களை நிறுத்துங்கள். வண்டி நடை வேகத்தில் தானாக நகரும். மீண்டும் கிளட்சை முழுதாகப் பிடித்து நிறுத்துங்கள். அந்த இடத்தை விரல்கள் யோசிக்காமலே கண்டுபிடிக்கும்வரை இரண்டாவது கியருக்குப் போக வேண்டாம். டின் ஃபேக்டரி சந்திப்பின் நெரிசலில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்தப் பழக்கம்தான்.

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஓசூரில் வாங்கி டி.என். 70 எண்ணில் பதிவு செய்தால் வரி மிச்சமாகும் என்கிறார்கள். அங்கே மாமா வீட்டு முகவரி இருக்கிறது. செய்யலாமா?

பதில்: வேண்டாம். வரியில் வித்தியாசம் இருப்பது உண்மைதான். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குக் கர்நாடகத்தில் ஆயுள் வரி 18 சதவீதம், அதன் மேல் செஸ். தமிழ்நாட்டில் 12 சதவீதம். ஒன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேல் மிச்சம் என்று கணக்கு இனிக்கும். ஆனால் நீங்கள் வசிக்கும் இடத்தில், அல்லது வண்டியை வழக்கமாக வைத்திருக்கும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அப்போது ஓசூரில் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே வரி கட்டி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். மாமாவையும் அதில் இழுத்துவிடாதீர்கள். உண்மையிலேயே ஓசூரில் குடியிருந்து தினமும் அத்திப்பள்ளி வழியாக வந்துபோகிறீர்கள் என்றால் கதை வேறு, அங்கேயே பதிவு செய்யுங்கள்.

நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தில் வேலை என்றால் பி.எச். எனப்படும் பாரத் வரிசை எண் கிடைக்குமா என்று உங்கள் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அடிக்கடி மாநிலம் மாறுகிறவர்களுக்கு அது நேர்மையான வழி.

கேள்வி: ஷோரூமில் இன்சூரன்ஸ், ஹெல்மெட், கிராஷ் கார்டு, 'ஹேண்ட்லிங்' எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறார்கள். பிரித்துக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

பதில்: முகம் சுளித்தாலும் பிரித்துக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் ஆகியவற்றைத் தவிர மற்ற ஒவ்வொரு தொகைக்கும் "இது எதற்கு?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொன்றைத் தருவேன் என்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'கட்டுப்படுத்தும் வணிக முறை' என்று குறிப்பிடப்படும் முறைகேடு. கிராஷ் கார்டு வேண்டாமென்றால் வேண்டாம்தான். ஒத்துவரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இன்சூரன்ஸை வெளியிலும் வாங்கலாம். புதிய பைக்குக்கு ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி, அதாவது பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு, கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான். சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான் விலை மாறும், அங்கேதான் ஒப்பிட வேண்டும். அதை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறொரு வண்டியின் பாலிசியில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, வண்டியோடு ஒரு தரமான ஹெல்மெட்டைக் கொடுப்பது மத்திய மோட்டார் வாகன விதிப்படி தயாரிப்பாளரின் கடமை. அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனாலும் தினமும் அணிய உங்கள் தலைக்குப் பொருந்துவதாக ஒன்றைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். வாரைக் கட்டிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து மேலே தள்ளுங்கள், கழன்று முன்னால் வந்துவிட்டால் அது உங்கள் அளவு இல்லை. கர்நாடகத்தில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதால் இரண்டு வாங்குங்கள். கிராஷ் கார்டுக்கு வைத்திருந்த பணம் இதற்குப் போகட்டும்.

கேள்வி: ஓட்டிப் பழக ஒரு பழைய வண்டி வாங்கலாமா?

பதில்: தாராளமாக. சாயப்போகும் வண்டி ஏற்கெனவே கீறல் பட்டதாக இருப்பது நல்லதுதான். ஆனால் அரசின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுக் கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வரும்வரை முன்பணம் தவிர எதுவும் கொடுக்காதீர்கள். நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களை விற்பவர் கட்டி ரசீது காட்டட்டும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாள்தான். இழப்பீடு கோராமல் இருந்ததற்காகப் பழைய உரிமையாளருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அந்தத் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்கும் என்று யாராவது சொல்லி விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம்.