மெக்சிகோவில் கூரையில்லாத வீடுகள்: கம்பி ஏன் நீட்டிக்கொண்டிருக்கிறது?

தம்பி, மெக்சிகோ தலைநகரை ஒட்டிய எகாடெபெக், நெசவால்கோயோட்டில் பக்கம் வாடகை வீடு பார்க்கப் போனால் பாதி வீடுகளில் மேல்தளம் சுவரோடு நிற்கிறது, மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, வரிக்குப் பயந்து இப்படி விடுகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

வரி காரணமில்லை. பிரெடியால் எனப்படும் சொத்து வரி மனைக்கும் கட்டி நிற்கும் பகுதிக்கும் சேர்த்தே வருகிறது. கம்பியை வெட்டாமல் விட்டதற்காக யாரும் தள்ளுபடி தருவதில்லை.

விஷயம் காசு வரும் விதத்தில் இருக்கிறது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீட்டுக்கடன் கிடைப்பது கஷ்டம். சுவரை வாரம் ஐம்பது பிளாக் வாங்கிக்கூட ஏற்றிவிடலாம். கூரை அப்படியில்லை. 50 சதுர மீட்டருக்கு 10 செ.மீ. கனத்தில் தளம் என்றால் 5 கன மீட்டர் காங்கிரீட். 50 கிலோ சிமெண்ட் மூட்டை சுமார் 35 வேண்டும். மணல், ஜல்லி, கம்பி, சென்ட்ரிங், கூலி எல்லாம் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்த இணைப்பில்தான் பிற்பாடு ஒழுகும். அதனால் தாண்டா (நம் சீட்டேதான்) விழும்வரை, அல்லது அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பும்வரை கூரை காத்திருக்கிறது. அதுவரை சிலர் தகரம் போட்டுக் கல் வைத்துக் குடியிருப்பார்கள்.

நீட்டிய கம்பி அடுத்த மாடிப் பில்லருக்கு. புதுக் கம்பியோடு சேர்த்துக் கட்ட, கம்பியின் குறுக்களவைப் போல 40 மடங்கு நீளத்துக்கு இரண்டும் ஒட்டி நிற்க வேண்டும். 3/8 அங்குலக் கம்பிக்கு ஏறக்குறைய 38 செ.மீ. நுனியில் கவிழ்த்திருக்கும் சோடா பாட்டில் துருவைத் தடுக்கவாம். என்னைக் கேட்டால் அது கம்பியைவிடக் கண்ணைத்தான் காப்பாற்றுகிறது. துரு தின்பது அடியில், கம்பி காங்கிரீட்டை விட்டு வெளியே வரும் இடத்தில். மேலோட்டத் துரு பரவாயில்லை, பிரஷ் போட்டால் போதும். செதில் செதிலாக உரிந்து கம்பி மெலிந்திருந்தால் அதன்மேல் மாடி எழுப்பக் கூடாது. வளைத்து மறுபடி நிமிர்த்திய கம்பியும் அப்படித்தான்.

உங்களுக்கு இதில் கவலை, மேல்மாடி வாடகை எடுத்தால்தான். கம்பி இருக்கும் மூலைகளுக்கு நேர் கீழே உட்கூரையில் ஈரக்கறை, பெயிண்ட் உப்பல் இருக்கிறதா பாருங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை விடாது. கூரையில் நீர்க்கசிவுப் பூச்சு கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். ஒப்பந்தக் காலத்தில் மாடி எழுப்புவாரா என்றும் வீட்டுக்காரரிடம் கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுப்பினால் வாரக்கணக்கில் சத்தம், தூசி, நடுநடுவே தண்ணீர் நிறுத்தம்.

வாங்குவதாக இருந்தால் வேறு கணக்கு. அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது என்பதற்குப் பொறியாளர் வரைபடம் கேளுங்கள். தலைநகரின் கணிசமான பகுதி பழைய ஏரிப்படுகை. 1985, 2017 நிலநடுக்கங்களில் அந்த இளகிய மண்தான் அதிர்வைப் பெருக்கியது. மொட்டை மாடியில் வைக்கும் 1,100 லிட்டர் தினாகோ தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே ஒரு டன்னுக்கு மேல், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாசலில் ‘கிளாவுசுராதோ’ என்று முத்திரைத் தாள் ஒட்டிய அடுக்குமாடி என்றால் அது காசில்லாமல் நிற்பதில்லை, அதிகாரிகள் மூடியது; முன்பணம் கொடுக்காதீர்கள்.