வாசகர் கேள்வி பதில்: ரோட்டோர மஞ்சப்பூ

கேள்வி: அக்கா, தீபாவளி லீவுக்கு கோத்தகிரி போயிருந்தோம், வளைவுக்கு வளைவு ஆளுயரத்துக்கு மேல புதர் புதரா மஞ்சப்பூ, பாக்க சூரியகாந்தி மாதிரியே இருக்கு ஆனா ஒரே செடியில அத்தனை பூ! டிரைவர் காட்டு சூரியகாந்தின்னு சொன்னாரு. அதானா? ரெண்டு குச்சி ஒடிச்சிட்டு வந்திருக்கேன், வீட்ல வைக்கலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டிரைவர் சொன்ன பேரு சரிதாம்மா, ஆனா எண்ணெய் எடுக்குற சூரியகாந்தி இல்ல, அதே குடும்பத்துல வேற செடி. டித்தோனியா டைவர்சிஃபோலியா, சொந்த ஊரு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். எண்ணெய் சூரியகாந்தி ஒரு சீசன்ல முடிஞ்சிடும், இது வருஷக்கணக்கா நிக்கும், அடித்தண்டு மரம் மாதிரி கெட்டியாயிடும், 2, 3 மீட்டர் சாதாரணமா போகும்.

கையில குச்சி இருக்குல்ல, இலையை பாருங்க. பெரும்பாலும் மூணு இல்ல அஞ்சு பிளவா பிரிஞ்சிருக்கும், கசக்கினா ஒரு வாடை வரும், பயங்கர கசப்பு. பூவோட வந்திருந்தா பூவுக்கு நேர் கீழ காம்பை ரெண்டு விரலால மெதுவா அமுக்குங்க, மேல போகப்போக பருத்து உள்ள கூடா இருக்கும், எனக்கு பாத்த உடனே உறுதி ஆகுறது அதுலதான். அப்புறம் நாம ஒரு பூன்னு சொல்றது நெஜத்துல ஒரு கூட்டம், சுத்தி இதழ் மாதிரி நீட்டிட்டு இருக்குற ஒவ்வொண்ணும் தனி பூ, அது விதை வைக்காது, நடுவுல பொடிப்பொடியா இருக்குறதுதான் விதை வைக்கும்.

வளர்க்குறது ரொம்ப ஈஸி, முத்தின தண்டுல ஒரு ஜாண் வெட்டி பாதி மண்ணுல புதைச்சு நல்ல வெயில்ல வெச்சு வேர் பிடிக்குற வரைக்கும் தண்ணி விட்டா போதும், நுனிக்குச்சி அழுகிடும். ஆனா எனக்கு பயமும் அந்த ஈஸிலதான். விதை லேசானது, காத்துலயும் தண்ணியிலயும் போயிடும், இலைச்சாறு பக்கத்துல வேற விதை முளைக்கவும் விடாது, அதனாலதான் மலையில ஒரு சரிவு முழுக்க இது மட்டும் நிக்குது. காட்டோரமோ ஓடைப்பக்கமோ இருக்கறவங்க தயவுசெஞ்சு வைக்காதீங்க. நீங்க சிட்டியில இருக்கீங்க, பெரிய தொட்டியில ஒண்ணு வைங்க, பூ வாடினதும் விதை முத்துறதுக்குள்ள தலையை வெட்டிடுங்க, வெட்டின தண்டை காலி மனையில வீசாதீங்க, அங்கயே வேர் விட்டுரும்.

கேள்வி: எங்க தேயிலைத் தோட்டத்து ஓரமெல்லாம் இதுதான். வெட்டி வெட்டி ஓயல. ஏதாவது பிரயோஜனம் உண்டா?
- வாசகர், ஹட்டன்

பதில்: நிறைய உண்டுங்க, பசுந்தாள் உரத்துக்கு அருமையான செடி. காய்ஞ்ச இலையில தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 3.5 சதவீதம், சாம்பல் சத்து (பொட்டாசியம்) 4 சதவீதம் வரைக்கும் இருக்கு, இலை சீக்கிரமா மக்கவும் செய்யும். மேற்கு கென்யாவுல சிறு விவசாயிங்க வேலியில நிக்குறதை வெட்டி மக்காச்சோளத்துக்கு போடுறாங்க. பூக்குறதுக்கு முன்னாடி வெட்டுங்க, அப்பதான் இலை தளதளன்னு இருக்கும், விதையும் பரவாது. தடிச்ச தண்டை மட்டும் தனியா வெயில்ல நல்லா காயவெச்சிட்டு போடுங்க. சுமந்துட்டு போற கூலி கணக்கு பாத்தா பக்கத்துல இருக்குற பாத்திக்கு போடுறதுதான் கட்டுபடியாகும்.

கேள்வி: இந்த இலையை கொதிக்கவெச்சு குடிச்சா சுகர் குறையும்னு வாட்ஸ்அப்ல வருதே?
- வாசகர், தேனி

பதில்: குடிக்காதீங்க சார். சில நாடுகள்ல நாட்டு மருந்தா குடிக்குறாங்க, மலேரியாவுக்குன்னு, அது உண்மை. ஆனா எலிகளுக்கு கொடுத்து பாத்த ஆய்வுகள்ல ஈரலும் கிட்னியும் பாதிச்சிருக்கு. சுகர் இருக்கறவங்களுக்கு கிட்னி ஏற்கனவே கவனிக்க வேண்டிய விஷயம், அதுல போய் இதையும் ஊத்தணுமா? டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க.

கேள்வி: மெக்சிகன் சூரியகாந்தின்னு விதை பாக்கெட் வாங்கி போட்டேன், ஆரஞ்சு கலர்ல பூத்திருக்கு. ஏமாத்திட்டாங்களா?
- வாசகி, திருச்சி

பதில்: இல்லம்மா, மேல சொன்ன மஞ்சப்பூவுக்கும் உங்க ஆரஞ்சுப்பூவுக்கும் அதே பேரு சொல்லித்தான் விக்குறாங்க. உங்களுது டித்தோனியா ரொட்டண்டிஃபோலியா, ஒரு சீசன் செடி, பட்டாம்பூச்சி நல்லா வரும். வாடுன பூவை கிள்ளிட்டே இருந்தா அடுத்தடுத்து மொட்டு விடும், கடைசியா நாலு பூவை மட்டும் செடியிலயே காயவிட்டு விதை எடுத்து வெச்சுக்கோங்க.