அப்பாவின் துவக்கும் பொலிஸ் வாக்குமூலமும்

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்களுக்கு ஏழு ஏக்கர் வயல் இருக்கிறது. அப்பா பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரம் எடுத்து ஒரு வேட்டைத் துவக்கு வைத்திருந்தார். போன வருடம் காலமாகிவிட்டார். துவக்கு சாக்கில் சுற்றியபடி வீட்டில் கிடக்கிறது. அனுமதிப்பத்திரத்தை யாரும் புதுப்பிக்கவில்லை. போன கிழமை பக்கத்து வட்டையில் (வயல்வெளியில்) இரவில் வெடிச்சத்தம் கேட்டதாக யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். பொலிசிலிருந்து போன் எடுத்து, "வந்து ஒரு வாக்குமூலம் தந்திட்டுப் போங்க" என்கிறார்கள். மாமா, துவக்கை இரவோடிரவாக ஆற்றில் போடச் சொல்கிறார். கூட்டாளி ஒருவன், "வாயத் தொறக்காத, அது உன்ட உரிமை" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது, சேர்?

பதில்: தம்பி, மாமா சொல்வதைக் கேட்கவே வேண்டாம். கூட்டாளி சொல்வதில் பாதியைக் கேட்கலாம்.

அந்தத் துவக்கின் இலக்கம் அப்பாவின் பெயரோடு கச்சேரிப் பதிவில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கிறது. இன்றைக்கில்லாவிட்டாலும் ஒருநாள் யாராவது அந்தப் பதிவைப் புரட்டி "துவக்கு எங்கே?" என்று கேட்பார்கள். ஆற்றில் போட்டதாகச் சொன்னால் யார் நம்புவது? கூலிக்குச் சுடுகிறவர்களின் செய்தி தினமும் வருகிற காலம் இது. அது யார் கைக்குப் போனது, எவ்வளவுக்கு விற்றீர்கள் என்றுதான் விசாரணை திரும்பும். போதாக்குறைக்கு, சாட்சியத்தை மறைப்பது தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம். இல்லாத வழக்கை நீங்களே தேடிப் போவானேன்?

மாமா மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வயதுக்காரர்களுக்குத் துவக்கு என்றால் நெஞ்சு பதறும். அதற்கு முந்தைய தலைமுறையில் போடியார் (பெரிய வயல்காரர்) வீட்டுச் சுவரில் தொங்கிய துவக்கு ஒரு கௌரவம். எண்பதுகளில் இயக்கக்காரர்கள் வீடு வீடாக வந்து அதைக் கேட்டு வாங்கிப்போனார்கள். பிறகு ஊர்காவல் படைக்கென்று அரசாங்கம் வேறு கைகளில் துவக்கு கொடுத்தது. அந்த ஆண்டுகளில் வீட்டில் ஒரு வெற்றுத் தோட்டா இருந்தாலே ஆள் காணாமல் போகலாம். 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. இப்போது என்னிடம் வருகிற இளம் விவசாயிகள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். யானையும் பன்றியும் குரங்கும் வேளாண்மையை அழிக்கின்றன, லைசென்ஸ் எடுக்க வழி சொல்லுங்கள் என்கிறார்கள். ஒரே வீட்டில் மாமனுக்குத் துவக்கைக் கண்டால் நடுக்கம், மருமகனுக்கு அது வரப்பில் கிடக்கிற மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். சட்டம் இந்த இருவர் பக்கமும் இல்லை.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி துவக்கு வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆளின் பெயரில் கொடுக்கப்படுவது. வயல் உறுதி மாதிரி அப்பாவிடமிருந்து தானாக உங்களுக்கு இறங்காது. கொடுத்த அரசே திருப்பிக் கேட்கவும் செய்யும். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்திருந்த துவக்குகளைப் பாதுகாப்பு அமைச்சு திரும்ப ஒப்படைக்கச் சொன்னது நினைவிருக்கும். ஆகவே அப்பா இறந்த பிறகு, செல்லுபடியாகும் பத்திரமில்லாமல் அது உங்கள் வீட்டில் கிடப்பது தவறுதான். சுடாவிட்டாலும் தவறு.

சரி, இனிக் கூட்டாளியின் விஷயம். அவர் யூடியூப்பில் அமெரிக்கா பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அங்கே 1791இல் வந்த அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக்கியது. காவலில் வைத்து விசாரிக்கும் முன் "நீ மௌனமாக இருக்கலாம்" என்று பொலிஸ் சொல்ல வேண்டும் என்பது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1966இல் மிராண்டா வழக்கில் வகுத்த விதி. நம்மூர் பொலிஸ் அதை உங்களுக்கு ஒப்புவிக்கும் என்று காத்திருந்தால் விடிந்துவிடும்.

ஆனால் நமக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவைப் பாருங்கள். விசாரணையில் கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மேலேயே குற்றச்சாட்டைக் கொண்டுவரக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லக் கட்டாயமில்லை. அன்றிரவு எங்கே இருந்தீர்கள், வெடிச்சத்தம் கேட்டதா என்பதற்கு உள்ளதைச் சொல்லலாம். "வீட்டில் துவக்கு இருக்கா?" என்பது வேறு வகைக் கேள்வி. அதற்கு "இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேசாமலிருப்பது ஒன்று, பொய் சொல்வது இன்னொன்று. "என் சட்டத்தரணியோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்பது மரியாதையான பதில். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி தோன்றலாம் என்று 2012இலிருந்து விதியே இருக்கிறது. ஆகவே போகாமல் இருக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது, அது சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் 25ஆம் பிரிவு. இதைக் கேள்விப்பட்டுவிட்டு, எதைச் சொன்னாலும் நிற்காது என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு பிரிவு தள்ளி 27 இருக்கிறது. காவலில் இருக்கும் சந்தேகநபர் "சாக்கில் சுற்றி இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி, அதைக் கொண்டு பொருள் எடுக்கப்பட்டால், அந்தப் பகுதி சாட்சியமாக நிற்கும். நானறிந்த துவக்கு வழக்குகளில் ஆள் மாட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான்.

வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். திருத்தம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. இருந்தும் சிங்களத்தில் எழுதிவிட்டு "சைன் பண்ணுங்க" என்பது இங்கே, குறிப்பாக அம்பாறைப் பக்கம், இன்னும் நடக்கிறது. தமிழில் எழுதக் கேளுங்கள். முடியாது என்றால், வாசித்து விளங்கப்படுத்தவில்லை என்று உங்கள் கைப்படத் தமிழில் எழுதி, அதன்கீழ் ஒப்பம் வையுங்கள். இதற்குத் துணிச்சல் வேண்டும், தெரியும். சட்டத்தரணியைக் கூட்டிப்போகச் சொல்வது இதற்காகவும்தான்.

ஒருவேளை உங்களை அங்கேயே நிறுத்தி வைத்தால், அது கைதா என்று நேரே கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், அது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரணச் சட்டத்தில் பயண நேரம் போக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். கை வைத்தால் அது சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரையை மீறுவது. இந்த அடிப்படை உரிமை மீறல்களுக்காக உயர் நீதிமன்றத்துக்கு (நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு) போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதன் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன, 1996க்குப் போன் எடுத்தாலும் சரி. பயங்கரவாதத் தடைச் சட்டம் என்ற பேச்சு வந்தால் மட்டும் கணக்கே வேறு. 72 மணித்தியாலம் வைக்கலாம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த ஒப்புதலும் நிற்கும். பத்திரத்தோடு வாங்கிய பழைய பயிர்த் துவக்குக்கு அந்தச் சட்டத்தை இழுக்க நியாயமில்லை. அந்தப் பெயர் காதில் விழுந்தால் அந்த நிமிடமே வீட்டாரும் சட்டத்தரணியும் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. அப்பாவின் அனுமதிப்பத்திரத்தையும் மரணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். காசு பிரச்சினை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். துவக்கு யாருடையது, அப்பா எப்போது காலமானார், இன்ன நாளில் ஒப்படைக்க விரும்புகிறோம் என்று அவர் ஒரு கடிதம் எழுதுவார். பொலிசுக்கு ஒன்று, மாவட்டச் செயலகத்துக்கு ஒன்று, உங்களிடம் ஒன்று. துவக்கை நீங்களே மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வழிச் சோதனையில் பிடித்தால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்பதை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். கிராம சேவகர் பார்த்திருக்க, பொலிசார் வீட்டுக்கு வந்து எடுத்துப்போகட்டும். துவக்கின் இலக்கமும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய பற்றுச்சீட்டை அந்த இடத்திலேயே வாங்குங்கள்.

ஒப்படைத்தால் வழக்கே வராது என்று உறுதி தரமாட்டேன். ஆனால் கடிதத்தோடு தானாகக் கொடுத்தவரையும், தேடுதலில் பிடிபட்டவரையும் நீதவான் ஒரே தராசில் வைப்பதில்லை.

துவக்கு உங்களுக்கு வேண்டுமென்றால், இறந்தவரின் அனுமதியைக் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு மாற்றக் கேட்க முறை இருக்கிறது. மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் கிடைத்தாலும் அது யானையைச் சுட அனுமதி ஆகாது. வனவிலங்குச் சட்டம் தனியாக இருக்கிறது. யானையை விரட்ட யானை வெடி என்கிற பட்டாசுதான், வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்து வட்டையில் அன்றிரவு கேட்டதும் யானை வெடியாக இருக்கலாம். அந்த வட்டைக்காரரிடம் ஒரு வார்த்தை விசாரித்து, தெரிந்ததைச் சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள்.