ஓடிஜி போட்டால் கரண்ட் விழுகிறது: வயரிங்கையே மாற்றணுமா?

கேள்வி: மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் இருக்கிறோம், பழைய வீடு. மழைக்கு வீட்டோடு இருக்கும் பிள்ளைகளுக்கு கேக், பிஸ்கட் செய்து கொடுக்கலாம் என்று அடுப்படியை ஒழுங்குபண்ணி, சுவருக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி, போன கிறிஸ்துமஸ் முடிந்து பரணில் ஏற்றிய ஓடிஜி ஓவனை இறக்கி வைத்தேன். சுவிட்சைப் போட்ட ஒன்றிரண்டு நிமிஷத்தில் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. அதே பிளக்கில் அயர்ன் பாக்ஸ் நன்றாக வேலை செய்கிறது. எலக்ட்ரீஷியன் ஓவனைத் தன் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார், அங்கே ஓடுகிறது. "ஓவன்ல கோளாறு இல்லம்மா, உங்க வயரிங்தான் போச்சு. மொத்தமா மாத்த 65,000 ஆகும். இப்போதைக்கு வேணும்னா ஈஎல்சிபியை டைரக்ட் பண்ணித் தர்றேன்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: ஈஎல்சிபியை டைரக்ட் பண்ண, அதாவது கசிவு வந்தால் விழுகிற அந்த ட்ரிப்பரை ஒதுக்கிவிட்டு நேராகக் கரண்ட் கொடுக்க, விடாதீர்கள் அம்மா. 65,000 ரூபாயையும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஓவன் ஈரம் குடித்திருக்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். ஓவனின் உடம்பைத் தொடும்போது சுர்ரென்று ஏதாவது தெரிந்ததா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். தெரிந்திருந்தால் கீழே சொல்லும் எதையும் செய்யாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

மெயின் பாக்ஸைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்ன எம்சிபி, அதாவது லைனுக்கு ஒன்றாகத் தானே விழும் சுவிட்ச், இருக்கும். அவற்றோடு ஒன்று மட்டும் அகலமாக, முகத்தில் 'டி' (T) எழுத்துப் போட்ட பொத்தானோடு இருக்கும். நாம் ஈஎல்சிபி என்று சொல்வது அதைத்தான். இப்போது கடையில் ஆர்சிசிபி என்று கேட்டால் கொடுப்பார்கள். வீடு முழுக்க இருட்டாகிறது என்றால் பெரும்பாலும் விழுவது அதுதான். சின்னது விழுந்தால் அந்த லைனில் பாரம் அதிகம், அல்லது ஷார்ட். அகலமானது விழுந்தால் கரண்ட் போகக்கூடாத வழியில் எங்கோ கசிகிறது. இரண்டும் வேறு வேறு நோய். நடுராத்திரியில் போன் போட்டு "ட்ரிப்பர் விழுகுது" என்று மட்டும் சொல்பவர்களிடம் எந்த ட்ரிப்பர் என்று கேட்டுக் கேட்டே என் தொண்டை வற்றுகிறது.

ஓவன் உள்ளே மேலும் கீழுமாக இருக்கும் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை முழுக் கம்பிகள் அல்ல, உலோகக் குழாய்கள். குழாயின் நடுவில் சூடாகும் நிக்ரோம் சுருள் ஓடுகிறது. சுருள் குழாயைத் தொட்டுவிடாமல் இருக்க மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது என்பதால் அந்தப் பொடி. அதற்கு ஒரு கெட்ட குணம்: ஐப்பசியில் உப்பு ஜாடி கசிவதைப்போல அதுவும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். குழாயின் இரண்டு முனைகளிலும் அடைப்பு இருந்தாலும் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் ஈரம் உள்ளே போய்விடும். ஈரமான பொடி வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஓவன் உடம்புக்கு வரும். அங்கிருந்து எர்த் கம்பிக்குப் போகும். 30 மில்லி ஆம்ப்ஸ் கசிந்தால் போதும், ஈஎல்சிபி விழுந்துவிடும். சூடேற ஆரம்பிக்கும்போது கசிவு முதலில் கூடிவிட்டு, காயக் காயத்தான் குறையும். உங்களுக்கு உடனே விழாமல் ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து விழுவதும் அதனால்தான்.

அப்படியானால் கடையில் எப்படி ஓடியது? அந்தக் கடையில் ஈஎல்சிபி இருந்ததா என்று கேட்டீர்களா? இருந்திருக்காது. இருந்தாலும் ஏற்கெனவே டைரக்ட் பண்ணியிருப்பார்கள். ஈஎல்சிபி இல்லாத இடத்தில் கசிகிற ஓவனும் ஜோராகத்தான் ஓடும். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று அதைத் தொடுகிற ஆளுக்குத்தான் வித்தியாசம் தெரியும். கடையில் ஓடியதை வைத்து ஓவனுக்கு நற்சான்று கொடுப்பதும், அதே மூச்சில் உங்கள் வயரிங்குக்குச் சாவுச்சீட்டு எழுதுவதும் இந்தத் தொழிலில் பழைய வித்தை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வீட்டில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார், டிவி எல்லாவற்றின் இணைப்பையும் எடுத்துவிட்டு ஓவனை மட்டும் போட்டுப் பாருங்கள். விழவில்லையென்றால் பழி ஓவன்மேல் மட்டும் இல்லை. மழைக்கு ஃப்ரிட்ஜில் கொஞ்சம், மொட்டைமாடி பல்பு ஹோல்டரில் கொஞ்சம் என்று எல்லாக் கசிவும் சேர்ந்து எல்லையைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் ஆள் சிக்கிவிடும். ஓவன் மட்டும் இருக்கும்போதும் விழுந்தால் ஓவனைக் காய வையுங்கள். தட்டு, கம்பிவலை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவைத் திறந்துபோட்டு, சாரல் படாத இடமாக இரண்டு மூன்று நாள் உச்சிவெயில் காட்டுங்கள். மதுரையில் எவ்வளவு அடைமழையானாலும் மத்தியானம் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். பிறகு உள்ளே எதையும் வைக்காமல், கீழ்க் கம்பி மட்டும் சூடாகும்படி குமிழைத் திருப்பி ஓட விடுங்கள். கால் மணி நேரம் தாங்கினால் அதை நிறுத்திவிட்டு மேல் கம்பி. இரண்டும் தனித்தனியாகத் தாங்கிய பிறகு சேர்த்துப் போடலாம். லேசாக ஆவியும் வாடையும் வரும், பயப்பட வேண்டாம். கை காய்ந்திருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். ஓடும்போது ஓவனைத் தொட வேண்டாம்.

இரண்டு தடவை காய வைத்தும் விழுகிறதென்றால் அந்தக் கம்பி விரிசல் விட்டிருக்கலாம். சர்வீஸ்காரரிடம் "மெகர் வச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள், கசிவை அளந்து காட்டும் கருவி அது. மெகர் என்ற வார்த்தை உங்கள் வாயில் வந்தாலே பாதிப் பேர் கதையைச் சுருக்கிக்கொள்வார்கள். கம்பி தனியாகவே கிடைக்கும். அதற்காகப் புது ஓவன் வாங்க வேண்டியதில்லை.

எலக்ட்ரீஷியன் சொல்லக்கூடிய குறுக்குவழிகளை இப்போதே சொல்லிவிடுகிறேன். "எர்த்தைக் கழட்டிட்டு அரை மணி நேரம் ஓட்டினா தானா காஞ்சிடும்" என்பார். அந்த அரை மணி நேரமும் ஓவன் உடம்பில் கரண்ட் இருக்கும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த யோசனையைச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அடுத்தது, "இது சின்ன ஈஎல்சிபி, பெருசா மாட்டிட்டா விழாது" என்பது. விழாது, வாஸ்தவம். ஆள் விழுந்தாலும் அது விழாது. ஈஎல்சிபி முகத்தில் 30 மில்லி ஆம்ப்ஸ் அல்லது 0.03 என்று அச்சிட்டிருப்பதுதான் மனுஷ உயிருக்கானது. 100, 300 என்று வருபவை தீ விபத்தைத் தடுப்பதற்கானவை. இதைத் தெரிந்தே மாற்றுபவர்கள் இருக்கிறார்கள், தெரியாமல் மாற்றுபவர்கள் அதைவிட அதிகம்.

அகலமானது விழுந்தால் கசிவு என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, இன்வெர்ட்டர் வீடுகள். அயர்ன் பாக்ஸ் ஓடுகிறது என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு இது பொருந்தாது. ஆனாலும் ஊரெல்லாம் இதுதான் நடக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. ஈஎல்சிபி பார்ப்பது ஒரே கணக்கு: ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் தன் வழியாகவே திரும்பி வந்ததா என்று. பேட்டரிக் கடையிலிருந்து இன்வெர்ட்டர் மாட்ட வரும் பையனுக்கு லைட்டு எரிந்தால் வேலை முடிந்தது. எந்த நியூட்ரல் எந்த லைனுக்கு என்று பார்க்காமல் கைக்கு எட்டிய நியூட்ரல்களை எல்லாம் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவார். ஃபேஸ் ஈஎல்சிபி வழியாகப் போகும், நியூட்ரல் வேறு பக்கமாகத் திரும்பும். கசிவே இல்லாமல் ஈஎல்சிபி விழும். இதற்கு அடையாளம், அந்த பிளக்கில் நல்ல அயர்ன் பாக்ஸ், நல்ல கெட்டில் எதைப் போட்டாலும் விழும், போட்ட அந்த நொடியே விழும். கரண்ட் போய் வரும்போதும் விழலாம். இன்வெர்ட்டர் மாட்டுவதற்கு முன்பு ஒழுங்காக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மெயின் பாக்ஸில் உட்கார்ந்து நியூட்ரல்களைப் பிரித்துக் கட்டுவதுதான் வைத்தியம். இந்தக் கோளாறுக்கே வீடு முழுக்க ரீவயரிங் செய்து, அதே இன்வெர்ட்டர் பையனை மறுபடி கூப்பிட்டு அதே நியூட்ரலைத் திரும்ப முறுக்கிக்கொண்டவர்களும் உண்டு.

இதற்கெல்லாம் கேட்பார் இல்லை. ஈஎல்சிபி வைக்கச் சொல்லும் விதி ஏட்டில் இருக்கிறது. புது இணைப்புக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர் வீட்டைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் இருக்கிறது. நடைமுறையில் கையெழுத்து தனியாக விலைக்குக் கிடைக்கிறது. வீட்டு வாசலை மிதிக்காமலே 'சோதித்தேன்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள், வாங்கி வைத்துக்கொள்கிறவர்களும் கேள்வி கேட்பதில்லை. மீட்டருக்கு இந்தப் பக்கம் நடப்பதெல்லாம் உங்கள் தலையெழுத்து என்பதுதான் நிலைமை. அதனால் வருகிறவரிடம் லைசென்ஸ் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஓவனுக்கு உண்மையிலேயே தேவையானது ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் வாட்ஸைப் பாருங்கள். 1,500 என்றிருந்தால் ஆறரை ஆம்ப்ஸ், 2,000 என்றால் கிட்டத்தட்ட ஒன்பது. சாதா பிளக் தாங்குவது 6 ஆம்ப்ஸ். பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் சொருக மலிவாக ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே, அதை வாங்கியிருந்தால் இன்றைக்கே குப்பையில் போடுங்கள். ஓவனுக்குப் பெரிய பின் போகும் பவர் பிளக்தான் வேண்டும். இல்லையென்றால் மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செப்புக் கம்பி, தனி எம்சிபி, எர்த்தோடு ஒரு பவர் பிளக் இழுக்கச் சொல்லுங்கள். சுவருக்கு வெளியே பைப் போட்டே செய்யலாம், சில ஆயிரங்களில் முடியும். ரீவயரிங் வேண்டுமா என்பதைத் தை பிறந்து பேசிக்கொள்ளலாம். ஈரச்சுவரில் காடி வெட்டிப் பூசுவது இரட்டை வேலை.

சாமான் வாங்க நீங்களே டவுன் ஹால் ரோட்டுக்குப் போய்விடுங்கள். எலக்ட்ரீஷியன் சீட்டு எழுதிக் கொடுத்து "இந்தக் கடைக்கே போங்க, என் பேரைச் சொல்லுங்க" என்றால், அந்தப் பேருக்கான கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள், வேறு கடைக்குப் போங்கள். கம்பியின் தோலிலேயே ஐஎஸ் 694 என்றும் அளவும் வரிசையாக அச்சிட்டிருக்கும். அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தால் வேண்டாம்.

சுவர் ஸ்டிக்கரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். ஓவனுக்குப் பின்னால் இருப்பதை உரித்துவிடுங்கள், சூட்டில் அது சுருண்டு உருகும். சுவருக்கும் ஓவனுக்கும் நான்கு அங்குலமாவது இடைவெளி வேண்டும், சிங்க் பக்கம் வேண்டாம். கார்த்திகைக்கு சீரியல் லைட் போடுவதாக இருந்தால் ஜன்னல் கிரில்லில் சுற்றாதீர்கள், கசிந்தால் கிரில் முழுக்கக் கரண்ட் ஏறும்.

காய்ந்த ஓவனைத் திரும்பப் பரணில் ஏற்றினால் அடுத்த வருஷமும் இதே கதைதான். மழை முடியும்வரை வாரம் ஒரு தடவையாவது சூடேற்றுங்கள். கேக்தான் செய்ய வேண்டும் என்றில்லை. நமத்துப்போன தீபாவளி முறுக்கைத் தட்டில் பரப்பி 120 டிகிரியில் ஏழெட்டு நிமிஷம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பிவிடும். நிலக்கடலையை 150-ல் நடுநடுவே கிளறிவிட்டு வறுக்கலாம், சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு சுடலாம். 1,500 வாட்ஸ் ஓவன் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. இடையிடையே தானாக அணைந்து எரிவதால் ஒரு கேக்குக்கு ஒரு யூனிட் அளவில்தான் வரும்.

ஈஎல்சிபியின் அந்த 'டி' பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் அது செத்துப்போய்விட்டது, அன்றே மாற்றுங்கள். அழுத்துவதற்கு முன் வீட்டில் யார் டிவி பார்க்கிறார்கள் என்று ஒரு குரல் கொடுத்துவிடுவது நல்லது.