கடலூர் சில்வர் பீச்சில் வாலிபால் ஆடும்போது கணுக்கால் பிசகிவிட்டது, சுளுக்கு வழிக்கலாமா?

வேண்டாம். குதித்து இறங்கும்போது பாதம் உள்பக்கம் மடங்கினால் கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு கிழியும். அதன்மேல் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் ரத்தக்கசிவும் வீக்கமும்தான் கூடும்.

முதலில் எலும்பைப் பாருங்கள். ஊன்றி 4 அடி வைக்க முடியவில்லையா? கணுக்கால் மொட்டின் பின்விளிம்பிலோ, சுண்டுவிரல் பக்கம் நடுப்பாதத்திலோ எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் கடலூர் அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

எலும்பில் பிரச்சினை இல்லையென்றால், ஐஸை துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள்; 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள்; விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்துங்கள். படுக்கும்போது காலுக்குக் கீழே 2 தலையணை.

வாரக்கணக்கில் காலை அசைக்காமலே வைத்திருப்பதும் தப்பு, மூட்டு இறுகிவிடும். வீக்கம் வடியத் தொடங்கியதும் கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். வலி தாங்கினால் ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்கப் பழகுங்கள். பலர் விடுவது இதைத்தான். அதனால்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது. அடிபட்ட காலில் மட்டும் வலியில்லாமல் நொண்டியடிக்க முடிந்த பிறகே ஆட்டம். அதுவும் முதலில் சமதரையில், அப்புறம் மணலில்.