பூக்கிறது, காய்க்கவில்லை: கொடித்தோடைக் கேள்விகள்

லண்டனில் மகள் வீட்டு மதிலில் ஒரு நீலப் பூக்கொடி, பனிக்காலத்திலும் பட்டுப்போகாமல் நிற்கிறது. அதை இங்கே வளர்க்கலாமா? (ஈசூன் வாசகி)

நீங்கள் பார்த்தது, கொடித்தோடைக்கு (பேஷன் ஃப்ரூட்) உறவான பாசிஃபுளோரா செருலியாவாக இருக்க வேண்டும். அர்ஜென்டினா, தெற்கு பிரேசில் பக்கத்துக் கொடி. சுமார் மைனஸ் 10 டிகிரி வரை தாங்குவதால்தான் அங்கே அதற்கு அத்தனை மதிப்பு. நமக்கோ குளிர் பகையே அல்ல. இரவிலும் தணியாத வெக்கையையும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையையும் தாங்குகிற கொடிதான் சிங்கப்பூருக்குக் கெட்டியான கொடி. நான் அந்த நீலக்கொடியைத் தொட்டியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இலை தழைத்தது, மொட்டு வரவில்லை, டிசம்பர் மழையில் வேர் அழுகிவிட்டது. பூவுக்காக என்றால், அமேசான் காட்டிலிருந்து வந்த செந்நிறப் பாசிஃபுளோரா மினியாட்டாவை வையுங்கள். பழமும் வேண்டுமானால் மஞ்சள் கொடித்தோடை. ஊதாப் பழ வகை மலைக்குளிரை நாடுவது, இங்கே ஏமாற்றும்.

மஞ்சள் மார்க்கிசா (கொடித்தோடை) கொடி இரண்டு இருக்கின்றன. நூறு பூ பூத்தும் ஒரு காய்கூட இல்லை. (புக்கிட் பாத்தோக்)

உங்கள் இரண்டாவது கொடி எங்கிருந்து வந்தது? முதல் கொடியில் வெட்டிய குச்சியை நட்டிருந்தால், கணக்குக்கு அவை இரண்டும் ஒரே செடிதான். மஞ்சள் வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்து வீட்டுக்காரரும் உங்களிடம் குச்சி வாங்கி நட்டவர் என்றால், அவர் கொடியும் உதவாது. வேறு பழத்தின் விதையிலிருந்து முளைத்த ஒரு கொடி கட்டாயம் வேண்டும். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ஒரு தவறால்தான்.

அது வந்த பிறகு உங்கள் கையே வண்டு. பூ நண்பகல் வாக்கில்தான் விரியும், இரவில் மூடிக்கொள்ளும். காலையில் போய்ப் பயனில்லை. விரிந்ததும் நடுவில் பாருங்கள்: மூன்று சூல்முடிகள் (மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனிகள்) முதலில் நிமிர்ந்து நிற்கும், பிறகு மெல்ல வளைந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு இறங்கும். இறங்கிய பிறகு, மற்றக் கொடியின் பூவில் தொட்ட மென்தூரிகையால் மூன்றையும் தடவுங்கள். கடைசிவரை வளையாமல் நிற்கும் பூ காய்க்காது, அதில் மகரந்தம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிற்பகல் இடிமழை இங்கே பெரிய தொல்லை. நீர் பட்டால் மகரந்தம் வெடித்து வீணாகும். வானம் கறுத்தால் முந்திக்கொள்ளுங்கள். கரிய தச்சன் தேனீ ரீங்காரத்தோடு வந்தால் அஞ்சி விரட்டாதீர்கள். அந்த வேலையை நம்மைவிட நன்றாகச் செய்யும். காய் பிடித்தால் இரண்டு, இரண்டரை மாதத்தில் பழுத்துத் தானே விழும். பச்சைக் காயில் சயனைடு தரும் பொருள் உண்டு, பறித்துத் தின்ன வேண்டாம்.

பாட்டி இந்தக் கொடித்தோடைப் பூவைக் கிருஷ்ண கமலம் என்கிறார், தோழி ஏசுவின் பாடுகள் என்கிறாள். எது சரி? (பொங்கோல் மாணவி)

இரண்டும்தான். ஐந்து மகரந்தப் பை, மூன்று சூல்முடி, சுற்றிலும் நார் வட்டம். பாட்டிக்கு அவை பாண்டவர், மும்மூர்த்திகள், கௌரவர் நூற்றுவர். ஐரோப்பியப் பாதிரிமாருக்கு ஐந்து காயம், மூன்று ஆணி, முள்முடி. பூவைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் பொது நடைவழியில் கொடியை வைக்கலாமா? (தோ பாயோ)

நடக்க 1.2 மீட்டர் அகலம் விட்டு, சுவரோரம் வைக்கலாம். நகர மன்றத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி கூடாது. அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், தட்டையே எடுத்துவிடுங்கள். ஐந்து மணி நேரமாவது வெயில் விழாத இடமானால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

செம்பழுப்பில் முள் முள்ளாய்ப் புழுக்கள் இலையை மொட்டையடிக்கின்றன. என்ன மருந்து? (தெம்பனிஸ்)

மருந்து வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பெரும்பாலும் அவை டானி காஸ்டர் என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். இந்தியா, இலங்கையில் பழங்குடியான இந்தப் பூச்சி சிங்கப்பூரில் முதலில் தென்பட்டது 2006இல்தான். காலி மண்ணில் தானாக முளைக்கும் சிறுபூனைக்காலியும் கொடித்தோடைக் குடும்பக் கொடி, புழுவுக்கு அதுவும் உணவு. அதை ஒரு தொட்டியில் ஓரமாக வளர்த்து, புழுக்களை ஒரு குச்சியால் அங்கே மாற்றுங்கள். வேர் திடமாக இருந்தால் உங்கள் கொடி மீண்டும் துளிர்த்துவிடும்.