லூபஸும் வெள்ளை அணுக்களும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், லூபஸ் உள்ள என் தங்கைக்கு வெள்ளை அணுக்கள் 2,900. ரத்தப் புற்றுநோயோ என்று பயமாக இருக்கிறது. உடம்பு ஏன் தன் அணுக்களையே அழிக்கிறது?

பதில்: லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் செல்களையே தாக்கும் நோய். அதில் வெள்ளை அணுக்கள் 4,000-க்குக் கீழே இறங்குவது அடிக்கடி நடப்பதுதான். ரத்தத்துளியை நுண்ணோக்கியில் பார்த்து எழுதும் ஸ்மியர் ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டுங்கள், புற்றுநோய் பயம் பெரும்பாலும் அங்கேயே தீரும். அதிகம் குறைவது லிம்போசைட் என்ற வகை வெள்ளை அணு. அதன் மேற்பரப்பில் ஒட்டும் எதிர்ப்பொருள்களை லூபஸ் உடம்பே தயாரிக்கிறது. ஒட்டியதும் எதிர்ப்பொருளுக்குத் துணைபோகும் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்கள் வந்து செல்லைத் துளைக்கும். இல்லையென்றால் மண்ணீரலின் விழுங்குசெல்கள் அதைத் தின்றுவிடும்.

நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவின் விஷயம் இன்னும் வியப்பானது. எதிர்ப்பொருள் கூட்டுகள் தூண்டும்போது அது தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசிவிட்டுச் சாகும். அந்த வலை அகற்றப்படாமல் கிடந்தால் எதிர்ப்புச் சக்தியை உசுப்பும் இன்டர்பெரான் என்ற புரதம் பெருகும், டிஎன்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருளும் கூடும், அது இன்னும் பல நியூட்ரோபில்களைத் தூண்டும். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் குழு விவரித்த எல்இ (லூபஸ்) செல், வேறொரு செல்லின் உட்கருவை விழுங்கிய வெள்ளை அணுதான். செல்லின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏஎன்ஏ சோதனைக்கான வழியும் அங்கிருந்துதான் பிறந்தது.

தங்கை என்ன மருந்து சாப்பிடுகிறார்? எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதியோபிரின், மைக்கோபெனோலேட் இரண்டுமே எண்ணிக்கையைக் குறைக்கும். குறைத்தது நோயா மருந்தா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஏஎன்ஏ பாசிட்டிவ். எனக்கு லூபஸா?

பதில்: அறிகுறி இல்லாமல் ஏஎன்ஏ மட்டும் இருந்தால் அது லூபஸ் இல்லை. 1:80 அளவில், அதாவது ரத்தச் சீரத்தை 80 மடங்கு நீர்த்துப் பார்க்கும்போது, நலமாக இருப்பவர்களிலேயே நூற்றில் பத்துப் பேருக்கு மேல் பாசிட்டிவ் வரும்.

கேள்வி: முடி கொட்டுகிறது, எந்த ஷாம்பு நல்லது?

பதில்: தோல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எண்ணிக்கை ஏற சீந்தில் கஷாயம் குடிக்கலாமா அக்கா?

பதில்: வேண்டாம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் எதுவும் லூபஸுக்கு ஆகாது.

கேள்வி: மேலே சொன்னதை ஏற்க முடியாது. சீந்தில் பாதுகாப்பானது என்று ஆயுஷ் அமைச்சகமே சொல்லியிருக்கிறதே?

பதில்: சொன்னது உண்மை. ஆனால் 2021-ல் சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு வந்த கல்லீரல் அழற்சியை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்ததற்கு மறுப்பாகத்தான் சொன்னது. அந்த நோயாளிகளில் சிலருக்கு ஏற்கெனவே தன்னுடல் தாக்கு நோய் இருந்தது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. தன் செல்லையே தாக்கும் படையை மேலும் உசுப்பிவிடாதீர்கள் என்கிறேன். எண்ணிக்கை ஏறினால் போதும் என்ற எண்ணமே தவறு, நோய் அடங்க வேண்டும்.

கேள்வி: ஏஎன்ஏ 1:100, லூபஸா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு தொடங்கியதும் வெள்ளை அணுக்கள் 13,000. கிருமியா?

பதில்: ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோபில்களை ஸ்டீராய்டு ரத்த ஓட்டத்துக்குள் கொண்டுவரும், அதனாலேயே எண்ணிக்கை கூடலாம். ஆனால் அது காய்ச்சலை மறைக்கவும் செய்யும். இருமலோ சிறுநீர் எரிச்சலோ இருந்தால் இன்றே காட்டுங்கள்.

கேள்வி: அசாதியோபிரின் சாப்பிடும் அம்மாவுக்கு, யூரிக் ஆசிட் அதிகம் என்று வேறொரு டாக்டர் அலோபூரினால் எழுதியிருக்கிறார். சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: இன்னும் தொடங்கவில்லை என்றால் தொடங்காதீர்கள். அசாதியோபிரினைச் சிதைக்கும் நொதியை அலோபூரினால் தடுக்கும்; மருந்து உடம்பில் தேங்கி, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். யூரிக் ஆசிடுக்கான இன்னொரு மருந்தான பெபுக்சோஸ்டாட்டும் அப்படித்தான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் லூபஸ் பார்க்கும் மருத்துவருக்கு இப்போதே போன் செய்து, இன்றே ரத்தம் பாருங்கள். காய்ச்சலும் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரண்டு சீட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.